குங்குமம் கலையாத ஏழு மட்டைகள்

1

நான் பினாங்குக்கு வந்து நாற்பது வருஷம் முடிந்துவிட்டது. "அங்கே போய் என்ன சாதித்தீர்கள் என்று ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள்" என்று கரூரிலிருந்து நம் சங்கத்து மலருக்காகக் கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டால் என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது. எழுதிக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் டவுனில், சுங்கை பினாங்கு பக்கம், ஒரே ஒரு வெல்டிங் மிஷினோடு ஒழுகுகிற தகரக் கொட்டகையில் ஆரம்பித்த என் பட்டறை இன்றைக்கு மூன்று கடை அகலம். இந்தத் தீவில் நான் செய்த கேட் நிற்காத தெரு குறைவு. இரண்டு அம்மன் கோயில்களுக்கு மடக்குக் கதவு, ஒரு மாதா கோயிலுக்கு மணி தொங்கும் சட்டம், ஒரு சீனர் கோயிலுக்கு ஊதுபத்திக் கூண்டு, ஒரு பள்ளிவாசலில் கிழவர்கள் பிடித்து ஏறக் கைப்பிடிக் கம்பி. இந்த ஊரில் எல்லாச் சாமிக்கும் என் இரும்பு போயிருக்கிறது. சொந்த வீடு வாங்கினேன். மகனையும் மகளையும் படிக்கவைத்தேன். மலாயும் கொஞ்சம் சீனமும் காதால் கேட்டே கற்றேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதியில் நின்றது. பேருந்துக்குக் கூடு கட்டும் கரூர்ப் பட்டறையில் ஆங்கிள் இரும்பு தூக்கியவன் இவ்வளவும் செய்தான். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதோடு, நான் கோல்ஃப் ஆடுகிறேன். மற்றதெல்லாம் எல்லாரும் எழுதுவதுதான், அதனால் இதைப் பற்றி எழுதுகிறேன்.

2

சிரிக்க வேண்டாம். கோல்ஃப் என்றாலே பெரிய பணக்காரர்கள் ஆடுவது என்று நம் ஊரில் நினைப்பு. இங்கே தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி நிபோங் திபால் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒன்பது குழி வைத்த சின்ன மைதானம் இருக்கிறது. லாரி ஓட்டுபவரும் வருவார், பல் டாக்டரும் வருவார், சந்தையில் மீன் விற்பவரும் வருவார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே வேலி அடிக்கப் போனேன். வேலை முடிந்த அன்று மேலாளர் ஒரு மட்டையைக் கையில் கொடுத்து, அடித்துப் பார் என்றார். முதல் பந்து போன தூரத்தைப் பார்த்து அவர் வாயைப் பிளந்தார். இரண்டாவது பந்து நான் போட்ட வேலியில் இடித்துத் திரும்பி வந்தது. வேலி அசையவில்லை. இரண்டு சந்தோஷம் ஒரே நாளில்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். நான் நடுத்தர ஆட்டக்காரன்தான். இந்த ஆட்டத்தில் அடி குறையக் குறையத்தான் கெட்டிக்காரன்; ஒன்பது குழியை ஐம்பத்தைந்து அடிக்குள் முடித்துவிட்டால் அன்றைக்கு நான் ராஜா. என் மனைவி ராஜி, அந்த இடம் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் அங்கே பிறந்தவள். "எங்கப்பா பால் மரம் வெட்டுன இடத்துல நீங்க பந்தைத் தொலைச்சிட்டு வர்றீங்க" என்பாள்.

என் முழங்கால் வலியால் பாலத்தில் கார் ஓட்டுவதற்காக மகள் தேன்மொழி கூட வர ஆரம்பித்தாள். வேடிக்கை பார்த்தவள் மட்டையைப் பிடித்தாள். இப்போது என்னைவிட நன்றாக ஆடுவாள். அவள் பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். தனி வீடு, தனிச் சமையல், தனி நேரம். மகன் மெல்பர்னில். அவன் பிள்ளைக்கு வீடியோவில் என்னைத் 'தாத்தா' என்று கூப்பிடத் தெரியும், அதோடு அதன் தமிழ் முடிந்துவிடும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, பிள்ளைகளை ஓடச் சொல்லித்தான் வளர்த்தோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாலத்தில் ஏறி, ஒன்பது குழி ஆடி, திரும்பி இறங்கும்வரை மகள் எனக்குச் சொந்தம். வீட்டுக்கு வந்தால் போனோடு பேசுவாள். மைதானத்தில் என்னோடு பேசுவாள். அலுவலகத்தில் யார் நல்லவன், யார் முதுகில் குத்துகிறவன், எல்லாம் தமிழிலேயே வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நானே கெடுத்துக்கொண்டேன்.

என் பழைய மட்டைகள் மூன்று வேறு வேறு செட்டிலிருந்து பொறுக்கியவை. நான்கின் கழுத்து உடைந்து நானே பட்டறையில் பற்றவைத்தேன். ஒட்டுப் போட்ட மட்டையால் ஆடுகிறவன் இந்தத் தீவிலேயே நான் ஒருத்தன்தான் என்று அதிலும் பெருமை. ஒரு நாள் ஐந்தாவது குழியில் எட்டாம் நம்பர் மட்டையை வீசினேன். கையில் தண்டு மட்டும் இருந்தது. தலை பறந்துபோய்த் தேனு நின்ற இடத்தில், அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் புல்லில் குத்தி நின்றது.

"அப்பா!"

"ஒண்ணும் ஆகல கண்ணு."

"உங்க வெல்டிங் என் கால்கிட்ட வந்து விழுந்திருக்குப்பா."

நான் ஓடிப்போய்த் தலையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "வெல்டிங் விடல சாமி. இங்க பாரு. வெல்டிங்குக்குக் கீழ கம்பெனிக்காரன் இரும்புதான் விட்டிருக்கு."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தாள். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது சொன்னாள்:

"புது செட் வாங்குங்க. கடைக்குப் போயி, அளவு எடுத்து, உங்களுக்குன்னு வாங்குங்க. அதுவரைக்கும் நான் வரமாட்டேன்."

"அளவு எடுக்கறதுக்கு அது என்ன ஜாக்கெட்டா?"

"நான் விளையாட்டுக்குச் சொல்லலப்பா."

ஆறு ஞாயிறு அவள் வரவில்லை. அலுவலகக் கூட்டத்தோடு வேறு மைதானத்துக்குப் போனாள் என்று ராஜி சொல்லித்தான் தெரியும். பிரான்சிஸ் மாஸ்டர்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனார். தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், என் வயதுக்காரர், நல்ல மனுஷர். ஆனால் பாலத்தில் அவர் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருவார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

3

கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் ஆ செங், ஐம்பது வயதுச் சீனர், பொறுமையான ஆள். உள்ளே ஒரு அறை. வலை கட்டி, கேமரா வைத்து, சுவரில் திரை. முதலில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பெயர், உயரம், வயது.

வயதில் என் பேனா நின்றுவிட்டது. எனக்கு இரண்டு வயது இருக்கிறது. என் அடையாள அட்டை, இங்கே 'ஐசி' என்பார்கள், சிவப்பு. இங்கே பிறந்த ராஜிக்கும் பிள்ளைகளுக்கும் நீலம், தங்க அனுமதி பெற்ற என் போன்றவர்களுக்குச் சிவப்பு. அதில் அறுபத்தெட்டு. என் தாய் பெற்ற கணக்குப்படி அறுபத்தாறு. அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் எடுத்துக்கொடுத்தவர் கூடுதலாக ரெண்டு வருஷம் போட்டுவிட்டார். இதைத் திருத்த நான் அலுவலகம் ஏறியது கொஞ்சநஞ்சம் இல்லை. கவுன்டரில் இருந்த மலாய் அம்மா தங்கமானவர். பிறப்புச் சான்றிதழ் கேட்டார். நான் பிறந்தது சோளக்காட்டு ஓரத்தில், யார் எழுதி வைத்தார்கள்? ஊரிலிருந்து ஒரு சத்தியக் கடுதாசி கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். மொழிபெயர்த்து வரச் சொன்னார். நான் பிடித்த மொழிபெயர்ப்பாளர் என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பா பெயரையும், அப்பா இடத்தில் என் பெயரையும் போட்டுவிட்டார். அந்தக் காகிதப்படி நான் என் அப்பாவுக்கு அப்பா. அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போனார். அதோடு விட்டுவிட்டேன்.

ஆ செங்கின் படிவத்தில் அறுபத்தாறு என்று எழுதினேன்.

மட்டையின் முகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பத்து பந்து அடிக்கச் சொன்னார். பந்து எங்கே படுகிறதோ அங்கே தடம் விழுமாம். அடித்தேன். திரையில் எண்கள் ஓடின. அவர் தாடையைத் தடவிக்கொண்டார். எங்கள் பேச்சு மலாயும் ஆங்கிலமும் கலந்தது, நான் தமிழில் தருகிறேன்.

"அங்கிள், உங்கள் வேகத்துக்கு சீனியர் தண்டுதான் சரி."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மட்டையின் தண்டு எல்லாம் ஒன்றல்ல. வேகமாக வீசுகிறவனுக்கு விறைப்பான தண்டு. மெதுவாக வீசுகிறவனுக்கு வளைந்து கொடுக்கிற தண்டு. ரொம்பவும் வளைகிறதற்கு வைத்திருக்கும் பெயர் சீனியர்.

"ஐசியிலதான் அறுபத்தெட்டு. நிஜத்துல அறுபத்தாறுதான்" என்றேன்.

"மட்டைக்கு ஐசி தெரியாது அங்கிள்."

அவர் எனக்கென்று எடுத்து வைத்த மட்டையின் தலையைப் பார்த்தேன். பின்பக்கம் புடைத்து, அடிப்பக்கம் அகலமாக, குழம்புக் கரண்டி மாதிரி. "இது மன்னிக்கிற மட்டை. பந்து நடுவில் படாவிட்டாலும் நேராகப் போகும்" என்றார். என் வேலையில் நான் யாரிடமும் மன்னிப்பு வாங்கியதில்லை. ஸ்டிக்கரைக் காட்ட வந்தார். நான் பார்க்காமலே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

4

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கதவுக்காரன் மட்டும் செய்கிற தப்பு.

பழைய மட்டை விற்கிற இன்னொரு கடையில் அவை கண்ணில் பட்டன. ஏழு மட்டை. கத்தி மாதிரி மெலிந்த தலை, அடித்து உருவாக்கிய இரும்பு, வார்த்தது இல்லை. விரல் நகத்தால் சுண்டினேன். கோயில் மணி மாதிரி கணீரென்று நின்றது. இரும்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். கரூரில் லாரியிலிருந்து ஆங்கிள் இறங்கும்போதே, கீழே விழுகிற சத்தத்தை வைத்து, எதில் வெடிப்பு இருக்கிறது என்று சொல்லி ஓரமாக எடுத்துவைப்பேன். முதலாளி சரிபார்க்கக்கூட வரமாட்டார். அந்தக் காதைத்தான் இங்கேயும் கொண்டுவந்தேன். அந்தக் காது சொன்னது: இது நல்ல சரக்கு. விறைப்பான தண்டு, கனம், ஒட்டு இல்லாத கழுத்து. வாங்கிவிட்டேன்.

பிரான்சிஸ் மாஸ்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அங்கமுத்து, இது சாம்பியனுங்க ஆடறது."

"நான் என்னவாம்?"

"நீங்க கேட்டு செய்யறதுல சாம்பியன்."

தேனுவுக்குப் போட்டோ அனுப்பினேன். "அளவு எடுத்தீங்களா?" என்று கேட்டு எழுதினாள். "எடுத்தாச்சு" என்று பதில் போட்டேன். பொய் இல்லை. அளவு எடுத்தது ஒரு கடை, வாங்கியது வேறு கடை. ஆனால் அனுப்பின பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

5

ஆயுத பூஜை வந்தது. இங்கே அதற்கு விடுமுறை கிடையாது. கரூரில் அன்றைக்கு நம் பட்டறைத் தெரு முழுக்க ஒரு சுத்தியல் சத்தம் கேட்காது, பூசணிக்காய் உடைகிற சத்தம்தான். இங்கே பக்கத்துக் கடையில் டயர் மாற்றிக்கொண்டிருப்பான், எதிரே நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கும், நடுவில் என் பட்டறை மட்டும் குளித்துப் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கும். நாற்பது வருஷத்தில் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. என்னிடம் வேலை செய்யும் வங்காளதேசத்து ஆட்கள் இப்போது பொரியும் கடலையும் எப்போது என்று மாதம் முன்னாலேயே கேட்கிறார்கள்.

இந்தத் தடவை வெல்டிங் மிஷின், கட்டிங் மிஷின், லாரி எல்லாவற்றுக்கும் பிறகு ஏழு மட்டையையும் மணையில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். ராஜி ஒவ்வொன்றின் முகத்திலும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துப் பூசினாள். நடுவில் குங்குமம் வைத்தாள். அவள் கை கோலம் போட்டுப் பழகிய கை. அளவுகோல் வைத்த மாதிரி நட்ட நடுவில் ஏழு பொட்டு.

தேனு வந்தாள். எங்கே இருந்தாலும் இந்த பூஜைக்கு வந்துவிடுவாள். கும்பிட்டாள், திருநீறு பூசினாள், கண் மட்டைப் பக்கம் போனது. குனிந்து ஒன்றை எடுக்கக் கை நீட்டினாள்.

"ஏய், தொடாத. சாமிக்கு வச்சிருக்கு" என்றாள் ராஜி.

"பார்க்கத்தான்ம்மா."

"எதா இருந்தாலும் நாளைக்கு. விஜயதசமி. ஞாயித்துக்கெழம வேற. ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ஆறு வாரமா இந்த மனுசன் ஞாயித்துக்கெழம மாஸ்டரோட போயிட்டு வந்து வீட்டுல குறுக்கயும் நெடுக்கயும் நடக்கறாரு. என்னால தாங்க முடியலலா." இந்த நாட்டில் பிறந்தவர்கள் பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

தேனு என்னைப் பார்த்தாள். "அளவு எடுத்து வாங்குனதுதானே?"

"எடுத்தது கண்ணு."

"ஏழு மணிக்கு வர்றேன்" என்றாள். அன்றைக்குப் பொரி இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

6

விஜயதசமி காலை. பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுத்து முதல் வேலையைத் தொடங்கும் நாள். நான் சந்தனத்தைத் துடைக்கவில்லை. காய்ந்து மட்டையின் கோடுகளில் பிடித்துக்கொண்டிருந்தது. பிரான்சிஸ் மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். முதல் குழியிலேயே ஆரம்பித்தார்.

"அங்கமுத்து, மட்டை முகத்துல எதையும் பூசக்கூடாது. விதி இருக்கு."

"மாஸ்டர், சாமிக்கு வச்ச சந்தனத்தை நான் கையால தொடச்சு எடுக்கமாட்டேன். வேணும்னா உங்க மாதாகிட்டக் கேட்டுக்குங்க."

"மாதாவுக்கு கோல்ஃப் விதி தெரியாது."

"அப்ப விடுங்க. அவங்களுக்கே தெரியலன்னா நமக்கு என்ன?"

தேனு சிரித்துவிட்டாள். ஆறு வாரம் கழித்துக் கேட்ட சிரிப்பு. அத்தோடு அன்றைய நல்ல சேதி முடிந்தது.

பந்து இடப்பக்கம் ஓடியது. அடுத்தது தரையோடு உருண்டது. மட்டை கனம். நாலாவது குழியில் தோள் எரிந்தது, ஆறாவது குழியில் முழங்கை பேச ஆரம்பித்தது. பின்னால் வந்த கூட்டத்துக்கு இரண்டு முறை வழிவிட்டோம். ஒன்பது குழிக்கு அறுபத்துநாலு அடி. தேனு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆட்டம் முடிந்து பானக் கடையில் ஐஸ் போட்ட கடுங்காப்பியோடு உட்கார்ந்தோம். அவள் என் பையிலிருந்து மட்டைகளை ஒவ்வொன்றாக உருவி மேசைமேல் வரிசையாகப் படுக்கவைத்தாள். முகம் மேலே பார்க்க.

"அப்பா, அம்மா வச்ச பொட்டைப் பாருங்க."

பார்த்தேன். ஏழு மட்டையிலும் குங்குமம் அப்படியே இருந்தது. நேற்று ராஜி வைத்தபடியே. ஏழையும் வீசியிருக்கிறேன், ஏழாம் நம்பரை மட்டும் ஆறேழு தடவை. ஒரு பந்துகூட நடுவில் படவில்லை. சந்தனம் பெயர்ந்திருந்ததெல்லாம் தலையின் வெளி நுனியில், அதுவும் அடி ஓரத்தில். ஏழிலும் அதே இடம்.

பிரான்சிஸ் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "பொட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். நல்ல மனுஷர் என்றேனே.

வீட்டுக் கதவு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் ஒன்று செய்வோம். சட்டத்தில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவை மூடித் திறப்போம். சாக்பீஸ் எங்கே அழிகிறதோ அங்கே ராவவேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, மேலே இடிக்கிறது, கீழே இடிக்கிறது, கதவு சரியில்லை என்று ஆயிரம் சொல்வார். நான் காதில் வாங்கமாட்டேன். சாக்பீஸ் சொல்வதுதான் தீர்ப்பு. நாற்பது வருஷம் அந்தத் தீர்ப்பை மற்றவர்களுக்குச் சொன்னவன், அன்றைக்கு நானே வீட்டுக்காரர் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இரும்பு நல்ல இரும்புதான். ஆள்தான் தப்பு.

"அளவு எடுத்தது நிஜம்" என்றேன். "ஆனா அந்த அளவுக்கு வாங்கல. சீனியர்னு சொன்னான். கோபம் வந்துருச்சு. வேற கடையில போயி இரும்பைச் சுண்டிப் பாத்து வாங்கிட்டேன்."

அவள் கரண்டியால் ஐஸைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் எதுக்கு வரலன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா? மட்டை உடைஞ்சதுக்கு இல்ல. அன்னைக்குத் தலை என் கால்கிட்ட விழுந்துச்சு. நீங்க ஓடி வந்தீங்க. வந்து வெல்டிங்கைப் பார்த்தீங்க. என்னைப் பார்க்கல."

மேசைமேல் இருந்த குங்குமப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் காலைப் பார்த்தேன். செருப்புக்குள் சின்னப் பிள்ளையில் இருந்த அதே கோணல் சுண்டுவிரல். ஒரு சாண்தான் தள்ளி விழுந்தது.

"பயந்துட்டியா சாமி?"

"ஆமா."

"நானும் பயந்துட்டேன். அதனாலதான் இரும்பைப் பாத்தேன். இரும்பைப் பாத்தா எனக்குப் பயம் போயிரும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, வியர்வையைத் துடைத்தாளா, தெரியாது. நான் கேட்கவில்லை. "அந்தக் கடை ஞாயித்துக்கெழம தெறந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

போனை எடுத்துப் பார்த்தாள். "ஆறு மணி வரைக்கும்" என்றாள்.

7

ஆ செங் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. வியாபாரி என்றால் அப்படி இருக்கவேண்டும். தேனு ஏழாம் நம்பரைக் காட்டினாள். அவர் சந்தனத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"என் ஸ்டிக்கரைவிட இது நன்றாகக் காட்டுகிறது. வாசனையும் இருக்கிறது" என்றார்.

"ஸ்டிக்கர் சொன்னதைத்தானே இதுவும் சொல்லுது?" என்று தேனு கேட்டாள்.

"அதே இடம். ஆனால் அன்றைக்கு அங்கிள் பார்க்கவில்லை."

இந்த முறை பார்த்தேன், கேட்டேன், குறுக்கே பேசவில்லை. அதாவது அதிகம் பேசவில்லை. நடுத்தர ஆட்டக்காரர்கள் யாராவது படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் பயன்படும். கனமான மட்டையைத் தூக்கிக் களைத்தால் முழங்கை மடங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், பந்து நுனியில்தான் படும். நான் குள்ளம், சாதாரண நீளத் தண்டு எனக்கு நீளம். தரையில் வைத்தால் மட்டையின் நுனி வானத்தைப் பார்க்கும், பந்து இடப்பக்கம் ஓடும். பெரிய தலை என்றால் நுனியில் பட்டாலும் பந்து பாதியில் சாகாது. தூரம் அடிக்கிற நீண்ட இரும்பு மட்டைகள் நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக மரக்கட்டை மாதிரிப் பருத்த தலை வைத்த ஒன்று போதும். பிடி கொஞ்சம் தடிமனாக இருந்தால் விரல் முட்டிக்கு நல்லது. தோற்றத்தைப் பார்க்காதீர்கள். மட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவது நீங்கள் இல்லை, பந்து.

நான் வாங்கிய ஏழு மட்டையையும் அவரே விலைக்கு எடுத்துக்கொண்டார். குழம்புக் கரண்டித் தலை வைத்த புது மட்டைகளுக்கு அரை அங்குலம் தண்டு வெட்டினார். அடுத்து, கழுத்தை வளைக்கவேண்டும். அதற்கு ஒரு பிடிப்பான், ஒரு நீளக் கடப்பாறை மாதிரிக் கம்பி. அவர் கை வைக்கும் முன்னால் நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"அங்கிள், இது வார்ப்பு. அதிகம் வளைத்தால் உடைந்துவிடும்."

"வார்ப்பா, அடிச்சதான்னு எனக்கே சொல்றியா? ஒரு தடவ விடு."

தேனு "விடுங்க பாஸ், இல்லன்னா ராத்திரி தூங்கமாட்டாரு" என்றாள்.

கம்பியைப் பிடித்தேன். இரும்பு இணங்குகிற இடம் ஒன்று உண்டு. அதற்கு மேலே ஒரு மயிரிழை போனாலும் முறியும். அந்த இடத்தைக் கை சொல்லும். மெதுவாக அழுத்தி நிறுத்தினேன். ஆ செங் அளவுக்கருவியை வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். கேட்டது இரண்டு பாகை. இருந்தது இரண்டு பாகை. மற்றதையும் என்னையே வளைக்கச் சொன்னார்.

தண்டின் கழுத்தில் சீனியர் என்பதற்கான சின்ன எழுத்து இருந்தது. இருக்கட்டும். எழுத்தை நம்பாமல்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.

அடுத்த ஞாயிறு ஏழு மணிக்குக் கார் ஹாரன் கேட்டது. ஒன்பது குழி, ஐம்பத்துமூன்று அடி. கை வலிக்கவில்லை. பாலத்தில் திரும்பி வரும்போது தன் மேலதிகாரியைப் பற்றித் தேனு அரை மணி நேரம் திட்டினாள். எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா?

8

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் திறந்த வீடு. இந்த நாட்டு வழக்கம் அது, மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். தேனுவின் அலுவலகக் கூட்டம் வந்தது. ஆ செங் மனைவியோடு வந்தார். நான் முறுக்குத் தட்டோடு சமையலறையிலிருந்து வருகிறேன், கூடத்தில் தேனு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். சந்தனம், குங்குமம், அறுபத்துநாலு அடி எல்லாம். நன்றாகத்தான் சொல்கிறாள். என் ரத்தம்.

எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்கு? அவளுக்கு.

"உங்கப்பாவையே மாத்திட்டியே!" என்று ஒரு பெண்.

"உன் பிடிவாதம் ஜெயிச்சிருச்சு" என்று பிரான்சிஸ் மாஸ்டர்.

ராஜியோ, "நான் பொட்டு வச்சிருக்காட்டி ஒண்ணும் நடந்திருக்காதுலா" என்று தன் பங்கை எடுத்துக்கொண்டாள். ஆ செங் தன் ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு பங்கு போயிற்று. தட்டோடு நின்றவனுக்கு ஒன்றும் இல்லை.

நான் தட்டை மேசைமேல் வைத்தேன். "கதவு தெறந்துச்சுன்னா தள்ளுனவங்களுக்கு மட்டும்தான் கைதட்டா? கீலுன்னு ஒண்ணு இருக்கு. அது திரும்பாட்டி உங்க ஊரே சேந்து தள்ளுனாலும் கதவு நிக்கும்" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. தேனு எழுந்து வந்து முறுக்கு ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்து என் வாயில் திணித்தாள். "சரிப்பா, பாதி உங்களுக்கு" என்றாள்.

வாயில் முறுக்கு இருந்ததால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். மகள் என்னை மாற்றினாள், மறுக்கவில்லை. ஆனால் மாற்றுவது சுலபம், வாயிருந்தால் போதும். அறுபத்தாறு வயதில், அப்பாவோ முதலாளியோ அரசாங்கமோ சொல்லி மாறாத ஒருத்தன், ஏழு பொட்டைப் பார்த்து, மேசையில் உட்கார்ந்து, தான் செய்தது தப்பு என்று வாயால் சொல்லி, அதே நாள் கடைக்கு நடந்தானே, அது யார் செய்த வேலை? அதற்கு ஸ்டிக்கரும் இல்லை, சந்தனமும் இல்லை. கரூர்க்காரர்களே, இந்தக் கதையை நீங்கள் யாரிடம் சொன்னாலும் மகள் பேரைச் சொல்லுங்கள், மனைவி பேரைச் சொல்லுங்கள். ஆனால் மாறியவர் கேட் அங்கமுத்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலரில் அதைத் தடித்த எழுத்தில் போடவேண்டும்.